புதுச்சத்திரம் தாண்டியதும் ஒரு காக்கஸ்

வைத்திலிங்கத்துக்குத் தனக்கு ஓட்டு இல்லாத ஊரின் அரசியல் என்றால் உயிர். சொந்தத் தொகுதியில் போன தேர்தலில் எத்தனை பேர் நின்றார்கள் என்று கேட்டால் மனைவி சந்திரலேகாவைத் திரும்பிப் பார்ப்பார். அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் எத்தனை மாவட்டம் என்று கேளுங்கள், தொண்ணூற்றொன்பது என்று மூச்சு விடாமல் சொல்வார். கேட்கத்தான் ஆள் வேண்டும். வீட்டில் யாரும் கேட்பதில்லை. அவர் கண்காணிப்பாளராக இருந்த சிதம்பரம் அலுவலகத்திலும் கேட்பதில்லை. அங்கே அவரிடம் கேட்கப்பட்ட ஒரே கேள்வி, "சார், கையெழுத்து போட்டுட்டீங்களா?" என்பதுதான். மற்றதைக் கேட்டவர்கள் எல்லாம் ரயிலில் இருந்தார்கள்.

வீடு கடலூர் புதுப்பாளையத்தில். இருபத்திரண்டு வருஷமாகக் காலையில் திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் பாசஞ்சர் ஏறுவார், சிதம்பரத்தில் இறங்குவார். சாயங்காலம் அதே ஆட்களோடு திரும்புவார். முன்னாலிருந்து மூன்றாவது பெட்டி அவர்களுடையது. ரயில்வேக்கு அது தெரியாது, அவ்வளவுதான். சீசன் டிக்கெட்காரர்கள் சுமார் நாற்பது பேர், அவரவருக்கு ஓர் இடம், அந்த இடத்தில் வேறொருவர் உட்கார்ந்துவிட்டால் அன்றைக்கு முழுக்க வேலை ஓடாது. வைத்திலிங்கத்தின் இடம் பெட்டியின் நடுவில், ஜன்னலுக்கு அடுத்தது. ஜன்னலோரம் கலைமணிக்கு. கலைமணி சிதம்பரத்தில் கணக்கு வாத்தியார், அடுத்த ஸ்டேஷனான கடலூர் துறைமுகத்தில் ஏறுவார். அதுவரைக்கும் அந்த ஜன்னலோரத்தில் வைத்திலிங்கத்தின் டிபன் பை உட்கார்ந்திருக்கும். யாராவது கேட்டால், "ஆள் வருது" என்பார். வயதில் சின்னவரான கலைமணி அவரை மாமா என்பார், அவர் இவரை மாப்பிள்ளை என்பார். சொந்தமெல்லாம் ஒன்றும் கிடையாது, பதினெட்டு வருஷம் தோளோடு தோள் இடித்துக்கொண்டு போனதில் வந்த உறவு.

அமெரிக்கா அவருக்கு மகள் வழியாக வந்தது. மகள் காயத்ரி கல்யாணமாகி அயோவாவில் டெமாய்ன் என்ற ஊரில் இருந்தாள். அங்கே நாலு வருஷத்துக்கு ஒரு தரம், அதிபர் தேர்தலுக்குக் கட்சி சார்பாக யாரை நிறுத்துவது என்று கட்சிக்காரர்களே கூடித் தேர்ந்தெடுக்கிறார்கள். மாநிலம் மாநிலமாக அது நடக்கும், முதலில் நடப்பது அயோவாவில். அதற்குப் பெயர் காக்கஸ். இரண்டாயிரத்து இருபது பிப்ரவரி தொடக்கத்தில் காயத்ரி பக்கத்து வீட்டு அம்மாளோடு ஒரு பள்ளிக்கூடத்துக்கு அதை வேடிக்கை பார்க்கப் போனாள். அங்கே சாயங்காலம் என்றால் இங்கே விடிகாலை. வைத்திலிங்கம் பிளாட்பாரத்தில் நிற்கும்போது போனில் படம் வந்தது. வாய் பிளந்து பார்த்துவிட்டு, அதே வாயோடு வண்டி ஏறினார்.

"மாப்ள, ஓட்டுச்சீட்டே கெடையாதுய்யா! பெரிய ஹால்ல, இந்த ஆளுக்கு இந்த மூலை, அந்த ஆளுக்கு அந்த மூலை. ஜனங்க நடந்து போயி அவுங்கவுங்க ஆள் மூலையில நிக்கணும். தலைய எண்ணுவாங்க. முடிவு பண்ணாதவங்களுக்குத் தனி மூலை. எந்த மூலையில நூத்துக்குப் பதினஞ்சு பேர் சேரலியோ, அந்தக் கூட்டம் கலைஞ்சிடணும். கலைஞ்சி வேற மூலைக்குப் போயிடணும். ஒளிவு மறைவே கெடையாது!"

"பக்கத்து வீட்டுக்காரன் எதிர் மூலையில நின்னா?" என்றார் கலைமணி.

"நின்னா நிக்கட்டும். அதான்யா ஜனநாயகம்."

"மறுநா காலையில அவன் வூட்டுல தண்ணி புடிக்கணுமே மாமா."

பெட்டி சிரித்தது. வைத்திலிங்கம் கோபப்படவில்லை. சிரித்தாலும் கேட்டார்களே. கிள்ளை வரைக்கும் கேட்டார்கள்.

அவருடைய கெட்ட நேரம், அந்த வருஷம் அயோவாவில் முடிவே வரவில்லை. முடிவுகளைப் போனில் அனுப்ப ஏதோ ஒரு செயலி வைத்திருந்தார்களாம், அது மக்கர் பண்ணிவிட்டது. மறுநாள் பெட்டியில் கால் வைத்தால், "என்னா சார், எண்ணிட்டாங்களா?" அதற்கு மறுநாள், "என்னா சார், இன்னும் எண்ணுறாங்களா? நம்ம ஊர்ல எண்ண உட்டா இந்நேரம் பால் காய்ச்சி பதவியே ஏத்துக்கினு இருப்பாங்க." ஏதோ அயோவாக்காரர்கள் இவரிடம் சொல்லிவிட்டுத்தான் தாமதம் செய்வதுபோல அவரைப் பிடித்து உலுக்கினார்கள். அவரும் அயோவாவுக்காக வக்காலத்து வாங்கினார். "அவசரப்பட்டா ஆவுமா? சரிபார்க்கறாங்கய்யா." சொல்லும்போதே தன் குரல் தனக்கே கேவலமாக இருந்தது. எந்த ஊர்த் தப்புக்கு எந்த ஊர் ஆள் சமாதானம் சொல்வது! ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அன்றிலிருந்து அவருக்கு அயோவா வைத்தி என்று பெயர் வந்துவிட்டது. வெளியே முகத்தைச் சுளித்தார், உள்ளே மனசு குளிர்ந்தது.

இந்தக் குளிர்ச்சிக்குத்தான் ஆபத்து வந்திருந்தது. பிப்ரவரி மாதக் கடைசியில் அவருக்கு ஓய்வு. ஐம்பத்தெட்டு முடிகிறது. அலுவலகத்தை விடுவதில் அவருக்கு ஒரு துளி வருத்தமில்லை. ஃபைல்களும் அவரை விடுவதில் வருந்தியதாகத் தெரியவில்லை. ஆனால் ரயில்? மார்ச் மாதம் முதல் திங்கட்கிழமை மூன்றாவது பெட்டி கிளம்பும், கலைமணி ஏறுவார், எல்லாரும் பேசுவார்கள், அவர் மட்டும் புதுப்பாளையத்தில் லுங்கியோடு உட்கார்ந்து கீரைக்காரிக்காகக் காத்திருப்பார். சும்மா ஏறிப் போகலாம்தான். எங்கே போகிறாய் என்று சந்திரலேகா கேட்டால் என்ன சொல்வது? வேலைக்குப் போகாதவன் வேலைக்குப் போகிற வண்டியில் எதற்கு?

அதற்கு ஒரு வழி தானாகத் திறந்தது. சீசன் டிக்கெட் சங்கம் என்று ஒன்று இருந்தது. பதிவு செய்யாத சங்கம். மின்விசிறி சுற்றாவிட்டால், வண்டி தினமும் தாமதமானால், ஸ்டேஷன் மாஸ்டரிடமும் மேலதிகாரிகளிடமும் போய்ப் பேசுவது அதன் தலைவரின் வேலை. தலைவராக இருந்த கோர்ட் கிளார்க் ஆரோக்கியராஜுக்கு விழுப்புரத்துக்கு மாற்றல் வந்துவிட்டது, மாதக் கடைசியில் கிளம்புகிறார். நாற்காலி காலி. தலைவர் என்றால் வண்டியில் வந்துதானே ஆகவேண்டும்? மின்விசிறி சுற்றுகிறதா என்று புதுப்பாளையத்திலிருந்தா பார்க்க முடியும்? "சங்க வேலை" என்று ஒரு வார்த்தை சொன்னால் சந்திரலேகாவும் வாய் திறக்க முடியாது. வைத்திலிங்கம் இந்தத் திட்டத்தை யாரிடமும் சொல்லவில்லை, கலைமணியிடம்கூட. சொல்ல வெட்கமாக இருந்தது.

ஒரு நாள் ஆலப்பாக்கத்தில் வண்டி நின்றபோது ஆரோக்கியராஜ் தானாகவே ஆரம்பித்தார். "அடுத்த தலைவரு யாருன்னு பாக்கணுமே. வைத்திலிங்கம் சார், நீங்களே இருங்க சார். சீனியர்." கலைமணி கை தட்டியே விட்டார். நாலு பேர் சேர்ந்து தட்டினார்கள். அந்த நொடியில் "சரிங்க" என்று நாலெழுத்து சொல்லியிருந்தால் கதை முடிந்தது, அவரும் ஆயுசுக்கும் ரயிலில் போய்க்கொண்டிருப்பார். சொன்னாரா மனுஷன்? தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அப்படிக் கை தட்டி ஆவக் கூடாதுங்க. முறைன்னு ஒண்ணு இருக்கு. நாம காக்கஸ் வெப்போம்."

"ஒரே ஆள்தான் நிக்கறீங்க. எதுக்கு சார் காக்கஸ்?"

"போட்டிக்கு ஒரு ஆள் போட்டுக்குவோம். சௌந்தரம் மேடம் நிக்கட்டும்."

சௌந்தரம் சிதம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். பெட்டியின் பின்கோடியில் அவர் இடம். காலை டிபனை வண்டியிலேயே முடிப்பவர். தனக்கு நாலு இட்லி என்றால் பதினாறு இட்லி கொண்டுவருவார், சுற்றி இருப்பவர்களுக்கும் சேர்த்து. தன் பெயர் அடிபட்டதும் எட்டிப் பார்த்தார். "எனக்கு எதுக்கு சார் தலைவர் பதவி? டியூட்டி பாத்துட்டு வரவே சரியா இருக்கு."

"சும்மா பேருக்கு மேடம். தோக்கறதுக்கு ஒரு ஆள் வேணுமில்ல?"

இதைச் சொன்ன நாக்கை வைத்திலிங்கம் பிறகு பல தடவை கடித்துக்கொண்டார். அன்றைக்கு மட்டும் அது ரொம்ப இனிப்பாக இருந்தது. விதிகளை அவரே வகுத்தார். பெட்டியின் முன்வாசல் பக்கம் வைத்திலிங்கம் மூலை. பின்வாசல் பக்கம் சௌந்தரம் மூலை. பெண்பிள்ளையை இடம் மாறச் சொல்லக் கூடாது என்று பெருந்தன்மையாக அவர் உட்கார்ந்திருக்கும் கோடியையே அவருக்குக் கொடுத்தார். நடுவில் இருக்கும் இருக்கைகள் எல்லாம் முடிவு செய்யாதவர்களுக்கு. நாற்பது பேரில் பதினைந்து சதவீதம் என்றால் ஆறு பேர். ஆறு சேராத கூட்டம் கலைய வேண்டும். ஆரோக்கியராஜ் நடுவர். கோர்ட்டில் வேலை பார்க்கிறவர், எதையும் எழுத்துக்கு எழுத்து பார்ப்பார்.

நெவாடா என்ற இன்னொரு மாநிலத்தில் காக்கஸ் முடிந்து, இந்தத் தடவை மறுநாளே ஓரளவு முடிவும் தெரிந்துவிட்ட வார இறுதி அது. திங்கட்கிழமை காலை வைத்திலிங்கம் ரொம்பத் தெம்பாக ஏறினார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. "பாத்தீங்களா? நெவாடாக்காரன் பட்டுனு எண்ணிப்புட்டான். நாம அதவிட ஜல்தியா எண்ணிடலாம்." டிபன் பையை வழக்கம்போல ஜன்னலோரத்தில் வைத்தார், துறைமுகத்தில் கலைமணி வந்ததும் எடுத்துக்கொண்டார். புதுச்சத்திரம் தாண்டியதும் எழுந்து போய் முன்வாசலில் நின்றார். வேட்பாளர் தன் மூலையில் நிற்க வேண்டும் அல்லவா?

ஆரோக்கியராஜ் குரல் கொடுத்தார். "எல்லாரும் அவுங்கவுங்க மூலைக்குப் போலாம்!"

யாரும் எழுந்திருக்கவில்லை.

வைத்திலிங்கம் சிரித்துக்கொண்டே கையசைத்தார். ஒருவர் கூட அசையவில்லை. வண்டியில் அன்றைக்கு நல்ல கூட்டம். வழியில் நிற்பவர்கள் எல்லாம் உட்கார்ந்திருப்பவர்களின் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எவனாவது இரண்டு அங்குலம் எழுந்தால் போதும், அந்த இடத்தில் மாயவரம் போகிற குடும்பம் ஒன்று குடியேறிவிடும். அயோவாவில் பெரிய ஹால், காலி மைதானம் மாதிரி. இங்கே ஓடுகிற பாசஞ்சர். உட்கார இடம் கிடைத்தவன் எதற்காக எழுந்திருப்பான்? இருபத்திரண்டு வருஷம் இந்த வண்டியில் வந்தவருக்கு இது தெரியாமல் போயிற்று. தொண்ணூற்றொன்பது மாவட்டம் தெரிந்தது.

"மாப்ள, வாய்யா!" என்று கத்தினார்.

கலைமணி ஜன்னலோரத்தில் இருந்தபடி நெஞ்சில் கை வைத்தார். "எழுந்தா எடம் போயிடும் மாமா! மனசு பூரா உன்கிட்டதான் இருக்கு!"

"ஆமாம் சார்! மனசு உங்க பக்கம்!" என்று நடுப்பெட்டி மொத்தமும் சொன்னது. அவருடைய ஆட்கள், தினமும் அவர் பேச்சைக் கேட்கிறவர்கள், எல்லாரும் நடுவிலேதான் உட்கார்ந்திருந்தார்கள். நடு என்பது முடிவு செய்யாதவர்கள் என்று வகுத்த மேதை அவர்தான். தன் கூட்டத்தை எல்லாம் தானே முடிவு செய்யாதவர்கள் ஆக்கிவிட்டுத் தனியாகப் போய் வாசலில் நிற்கிறார். மனசை எண்ண ஆரோக்கியராஜ் சம்மதிக்கவில்லை. "எங்க இருக்காங்களோ அதான் கணக்கு சார்."

எண்ணினார்கள். பின்கோடியில் பதினாறு பேர். தினமும் அங்கே உட்கார்கிறவர்கள், அன்றைக்கும் அங்கேயே உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தவர்கள். அவர்களில் பாதிப் பேருக்குத் தேர்தல் நடப்பதே தெரியாது. நடுவில் இருபத்தொரு பேர். முன்வாசலில் மூன்று தலை. ஒன்று வைத்திலிங்கம். இரண்டாவது, வாசலில் கூடையை வைத்துக்கொண்டு நின்ற வேர்க்கடலைக்காரர் சார்லஸ். மூன்றாவது, காற்று வாங்க வந்த யாரோ ஒரு பயணி. சார்லஸ் சங்கத்தில் இல்லை என்று ஆரோக்கியராஜ் அவரைக் கழித்தார். காற்று வாங்கியவரைக் கேட்டால், "நான் சீர்காழி போறேங்க" என்றார். அவரையும் கழித்தார்.

"உங்க மூலையில ஒருத்தர் சார். ஆறு வேணும். கூட்டம் கலைஞ்சிடணும்."

"கூட்டமே இல்லியேய்யா, நான்தானே?"

"அப்ப நீங்க கலைஞ்சிடுங்க. ரூலு நீங்க போட்டது சார்."

போட்டவர் அவர்தானே. வேறு மூலைக்குப் போக வேண்டும். முடிவு செய்யாதவர்களோடு போய் நின்றால், தனக்கே தான் வேண்டுமா என்று முடிவு செய்யவில்லை என்று ஆகும். ஆகவே ஆட்களை விலக்கிக்கொண்டு, பைகளைத் தாண்டி, ஒரு மீன் அன்னக்கூடையில் காலை விட்டு எடுத்து, பெட்டியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு வைத்திலிங்கம் நடந்தார். காக்கஸில் உண்மையாக நடந்த ஒரே ஆள் அவர்தான். சௌந்தரத்தின் பக்கத்தில் போய் நின்றார். அதைப் பார்த்த கலைமணி உணர்ச்சிவசப்பட்டு எழுந்தே விட்டார், ஆனால் பையை ஜன்னலோரத்தில் வைத்துவிட்டுத்தான் எழுந்தார். "மாமாவே அங்க போயிட்டாரு! அப்ப நாங்க எல்லாம் அவரு பக்கம்தான்! எழுதிக்கங்க சார், இருபத்தொண்ணு!" நடுப்பெட்டி கை தட்டியது. விசுவாசத்துக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. உட்கார்ந்த இடத்தை விட்டு நகராமலே எல்லாரும் வைத்திலிங்கத்தைப் பின்தொடர்ந்து சௌந்தரத்துக்கு ஓட்டுப் போட்டுவிட்டார்கள். சௌந்தரம் ஏகமனதாகத் தலைவர் ஆனார். வாயில் இட்லி இருந்ததால் உடனே மறுக்க முடியவில்லை.

திரும்பிப் பார்த்தால் வைத்திலிங்கத்தின் இடத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். சிதம்பரம் வரை நின்றுகொண்டே போனார். சிரித்தபடிதான் நின்றார், ஆனால் காது இரண்டும் எரிந்தது. தோற்றது பெரிதில்லை. பரங்கிப்பேட்டையில் பின்கோடிப் பெண் ஒருத்தி தன் தோழியிடம் சொன்னது காதில் விழுந்துவிட்டது. "அவரு வேணாங்கறதில்லடி. ஆனா இந்த வாரத்தோட போற ஆளுதானே." அப்படியென்றால் தன்னை ஏற்கெனவே கழித்தாகிவிட்டது. சார்லஸைக் கழித்த மாதிரி, சீர்காழிக்காரரைக் கழித்த மாதிரி.

சிதம்பரத்தில் இறங்கியதும் அவருக்குள் எதுவோ பொங்கிவிட்டது. பிளாட்பாரத்தில் நின்று, பெட்டி முழுக்கக் கேட்கும்படி சொன்னார். "நான் எறங்குனப்புறம் இந்த வண்டி எப்படி ஓடுதுன்னு பாக்குறேன்!"

சின்னப் பிள்ளை மாதிரி சொன்ன வார்த்தை. சொன்ன உடனே அவருக்கே அது புரிந்தது. வாயை விட்டுப் போனது போனதுதான்.

மறுநாள் அவர் டிபன் பையை மடியிலேயே வைத்துக்கொண்டார். ஜன்னலோரத்தில் யாரோ உட்கார்ந்தார்கள். துறைமுகத்தில் கலைமணி ஏறி வந்தார், ஜன்னலைப் பார்த்தார், இவர் மடியில் இருந்த பையைப் பார்த்தார். மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பழிவாங்கியாயிற்று. ஆனால் சந்தோஷம் வரக் காணோம். ஆலப்பாக்கம் வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த வைத்திலிங்கம் அதற்கு மேல் முடியாமல் எழுந்து கலைமணியின் பக்கத்தில் நின்றார். காலியான இடத்தில் சட்டென்று ஒருவர் உட்கார்ந்தார். இருவரும் நின்றார்கள்.

"எதுக்கு மாமா உனக்கு அந்தப் பதவி?" என்றார் கலைமணி மெதுவாக.

சொல்லிவிட்டார். ஓய்வு, வீடு, கீரைக்காரி, சங்க வேலை, எல்லாவற்றையும். சொல்லும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஜன்னல் காற்று என்று துடைத்துக்கொண்டார். அவர் நின்ற இடத்துக்கும் ஜன்னலுக்கும் நடுவில் மூன்று பேர் இருந்தார்கள்.

"அட லூசு மாமா," என்றார் கலைமணி. "வண்டி என்னா உன் ஆபீசா, ரிட்டயர் பண்ணி அனுப்ப? சும்மா வாய்யா. டிக்கெட் எடுத்தவன எங்க போறன்னு எவன் கேக்கப் போறான்?"

"உங்க அக்கா கேப்பாய்யா."

சந்திரலேகாவைத்தான் சொன்னார். கலைமணி தலையைச் சொறிந்தார்.

வெள்ளிக்கிழமை பெட்டியில் சால்வை போட்டார்கள். புதிய தலைவர் சௌந்தரம் இரண்டு வார்த்தை பேசினார். "சார் இல்லன்னா எனக்கு இந்தப் பதவி கெடச்சிருக்காது" என்று சொன்னதில் கேலி இருந்ததா இல்லையா என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. அயோவா வைத்தி வாழ்க என்று சார்லஸ் கடலை கொடுத்தார்.

மார்ச் வந்தது. முதல் திங்கட்கிழமையே வைத்திலிங்கத்துக்குக் காய்கறி வாங்குவதில் திடீர் அக்கறை பிறந்தது. வீட்டுப் பக்கத்தில் இல்லாத காய்கறியா? ஆனாலும் பையைத் தூக்கிக்கொண்டு ரயில்வே கேட் ஓரத்துத் தள்ளுவண்டிக்குப் போவார். கேட் மூடுவதற்குச் சரியாகப் போய்ச் சேருவார். மூன்றாவது பெட்டி கடக்கும்போது ஒரு கத்தரிக்காயைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பார். கலைமணிதான் இன்னும் ஏறியிருக்க மாட்டார், ஆனால் அவர் இடத்தைப் பார்க்கலாமே. பெட்டியில் இருந்து யாராவது, "சார், ஏறுங்க சார்!" என்று கத்துவார்கள். அவர் காதில் விழாத மாதிரி கத்தரிக்காயைத் திருப்பிப் பார்ப்பார். அந்த மூன்று வாரத்தில் அவர் வீட்டில் கத்தரிக்காயைத் தவிர வேறு குழம்பு இல்லை. ஏறியிருக்கலாம். பத்தடி தூரம்தான் ஸ்டேஷன். பிளாட்பாரத்தில் சொன்ன அந்த வார்த்தை குறுக்கே நின்றது. எந்த முகத்தோடு ஏறுவது?

மூன்றாவது வாரக் கடைசியில் கேட் மூடவில்லை. ஊரே மூடிவிட்டது. நோய் வந்துவிட்டது, யாரும் வெளியே வரக் கூடாது, நாடு முழுக்கப் பயணிகள் ரயில் நிறுத்தம் என்று டி.வி.யில் சொன்னார்கள். சந்திரலேகா அரிசி எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ஓடினாள். வைத்திலிங்கம் டி.வி. முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தார். ஒரு மாதத்துக்கு முன்னால் தான் சொன்னது ஒவ்வோர் எழுத்தாக ஞாபகம் வந்தது.

போன் அடித்தது. கலைமணி. "யோவ் மாமா!" என்று ஆரம்பித்து, சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் கத்தினார். "இன்னா வாயிய்யா உன்து! எப்படி ஓடுதுன்னு பாக்குறேன்னு சொன்னியே! போதுமா? நின்னே போச்சு! ஒரு பாசஞ்சரோட உட்டிருக்கக் கூடாதா, இந்தியா பூரா நிறுத்திட்டியே!"

வைத்திலிங்கமும் சிரித்தார். போனை வைத்ததும் சிரிப்பு நின்றது. எல்லாரும் வீட்டில் உட்கார்ந்துவிட்டார்கள், தன்னை மாதிரியே. தனக்கு மட்டும் வந்த வருத்தம் ஊருக்கே வந்தால் மனசு ஆறும் என்று நினைத்திருந்தார். ஆறவில்லை. நாற்பது பேருக்கும் சேர்த்து வலித்தது. அறிவுகெட்ட மனுஷா என்று தன்னையே ஒரு தரம் திட்டிக்கொண்டார்.

ஏப்ரலில் ஒரு காலை, வண்டி கிளம்பும் நேரத்துக்கு, சௌந்தரம் கூப்பிட்டார். பின்னால் வேன் ஓடும் சத்தம். அவருக்கு மட்டும் வேலை நிற்கவில்லை.

"ஆஸ்பத்திரி வேன்ல போறேன் சார். ஒரு சீட்டுக்கு ஒரு ஆள். சுத்தி எல்லாம் காலியா கெடக்கு. நமக்கு எடத்துக்குத்தானே அவ்ளோ சண்ட? இப்ப எடம் இருக்கு சார், ஆளுதான் இல்ல." முகக்கவசத்துக்குள் குரல் அமுங்கியிருந்தது. "இட்லி நாலுதான் எடுத்தாரேன். அதுவும் எறங்கல. பயமா இருக்கு சார்."

வைத்திலிங்கத்துக்குத் தொண்ணூற்றொன்பது மாவட்டமும் அப்போது ஒத்தாசைக்கு வரவில்லை.

"மேடம், நான் அன்னைக்கு ஏதோ கோவத்துல..."

"அதுக்குத்தான் சார் கூப்ட்டேன். உங்க வாய்க்கு ஒரு பவர் இருக்குன்னு கலைமணி சார் சொல்லிகினு இருக்காரு. அந்த வாயால திருப்பிச் சொல்லுங்க. ஓடட்டும்னு சொல்லுங்க. தலைவரா கேக்கறேன், எனக்காகச் சொல்லுங்க." விளையாட்டாகத்தான் கேட்டார். ஆனால் குரல் விளையாடவில்லை.

"ஓடட்டும்மா," என்றார் வைத்திலிங்கம். பாதிதான் வெளியே வந்தது. "ஓடுனதும் மொத நாளே நான் ஏறுறேன். சும்மாதான் ஏறுறேன். எல்லாருக்கும் எடம் போட்டு வெக்கிறேன்."

வேன் சத்தத்தில் கேட்டதோ இல்லையோ, சௌந்தரம் சரிங்க சார் என்று வைத்துவிட்டார்.

பின்னால் சந்திரலேகா வெங்காயம் உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். சும்மாதான் ஏறுகிறேன் என்றதையும் சேர்த்து. எங்கே போவதற்கு என்று இப்போது கேட்கப் போகிறாள் என்று வைத்திலிங்கம் தலையைக் குனிந்துகொண்டார்.

"இது இன்னா சொல்றது, வாய்க்குள்ளயே?" என்றாள் அவள். "நிறுத்தச் சொன்னப்ப சிதம்பரம் பிளாட்பாரம் பூரா கேட்டுச்சாமே. ஓடச் சொல்றதுக்கு மட்டும் சத்தம் வரலியா? நல்லா சத்தமா சொல்லுங்க."

வைத்திலிங்கம் எழுந்து வாசலுக்குப் போனார், ஆள் இல்லாத தெருவைப் பார்த்து நின்றுகொண்டு சத்தமாகச் சொன்னார்.